கண் பழகும் வரை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, நடவு வேலையை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் எழுந்து போகாமல் இருக்கும் மாணவச் செல்வங்களே!

வறட்சி, வெள்ளம், உப்பு இவற்றைத் தாங்கும் பயிரைத் தேடுவதற்காக இளைஞர்களை வருஷக்கணக்கில் பயிற்றுவிப்பது முதலீடா, வீண்செலவா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் வரும்போதே கால்குலேட்டரோடு வந்தார். "மரபணு வரிசை கம்ப்யூட்டரில் கிடக்கிறது, வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கிறது, அப்புறம் ஒரு பையனுக்கு ஐந்து வருஷம் உதவித்தொகை கொடுத்து எதற்காகச் சேற்றில் நிற்க வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சொல்கிறேன் ஐயா, எதற்கென்று.

இந்த ஆராய்ச்சியில் முதலில் ஏமாற்றுவது நம் கண்தான். புதிதாகச் சேர்ந்த மாணவன் வறட்சிச் சோதனை செய்கிறான். ஒரே அளவு தொட்டி, ஒரே மண், இரண்டு ரகம். தண்ணீரை நிறுத்துகிறான். ஐந்தாம் நாள் ஒன்று வாடுகிறது, இன்னொன்று பச்சையாக நிற்கிறது. உடனே "வறட்சி தாங்கும் ரகம் கண்டுபிடித்தேன்" என்று பேராசிரியரிடம் ஓடுகிறான். அவர் கேட்பது ஒரே கேள்வி: "செடி எவ்வளவு பெரிது?" வாடியது வாளிப்பான செடி. இலை அதிகம், அதனால் தொட்டித் தண்ணீரைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிட்டது. நின்றது சோனிச் செடி. அதற்குத் தாகமே இல்லை! பையன் தேர்ந்தெடுத்தது வறட்சி தாங்கும் ரகத்தை அல்ல, வளராத ரகத்தை. இப்போது எதிரணியின் ட்ரோனை மேலே பறக்க விடுங்கள். அதுவும் பச்சையாக நிற்பதைத்தான் படம் எடுக்கும். தொட்டியை எடைபோட்டுப் பார், மண் ஈரத்தை அள, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தோண்டிப் பார் என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா, வேண்டாமா?

வெள்ளத்தில் இந்த ஏமாற்று இன்னும் பெரிது. நெல் நாற்றுகளைச் சிமெண்ட் தொட்டியில் வைத்து, தலை முழுகத் தண்ணீர் கட்டி இரண்டு வாரம் விடுகிறார்கள். ஒரு ரகம் மூச்சுக்காக மேலே மேலே நீள்கிறது. பார்த்தால் அதுதான் வீரன் என்று தோன்றும். இன்னொன்று அசையாமல் அடியில் கிடக்கிறது, செத்துவிட்டது என்று தோன்றும். தண்ணீரை வடியுங்கள். நீண்டது கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டு நிற்கத் திராணியில்லாமல் சாய்ந்து அழுகுகிறது. அடங்கிக் கிடந்தது சேமிப்பை வைத்துக்கொண்டு புதுக் குருத்து விடுகிறது. அதனால்தான் வடித்த அன்றைக்கே மதிப்பெண் போடக்கூடாது, ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பிழைத்ததை எண்ணு என்று பழக்குகிறார்கள். அப்படியானால் நீள்வதெல்லாம் தோற்பதா? இல்லை. மாதக்கணக்கில் ஆள் உயரத் தண்ணீர் நிற்கிற வங்கதேசத்துத் தாழ்நிலங்களில் நீள்கிற நெல்லுக்குத்தான் வாழ்வு. எந்த வெள்ளத்துக்கு எந்தக் குணம் என்று பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்குத்தான் முடியும்.

அந்த அடங்கிக் கிடக்கிற நெல்லின் கதையைக் கேளுங்கள், என் வாதத்துக்கு அதுவே சாட்சி. ஒடிசாவின் 'தால்புட்டியா' என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்தது எஃப்.ஆர்.13ஏ. வெள்ளம் தாங்கும் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதோ தெரியும். விதை கையில் இருந்தது. கலப்பும் செய்து பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணம் வந்தது, கூடவே விவசாயிக்கு வேண்டாத குணங்களும் வந்து ஒட்டிக்கொண்டன. விதை இருந்தும், நிலம் இருந்தும், வருஷங்கள் ஓடின. அப்புறம் என்ன நடந்தது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் மேக்கில் என்ற ஆசிரியரிடம் கெனோங் ஷூ என்ற ஆராய்ச்சி மாணவர் வந்து சேர்ந்தார். அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இருவரும் 1996-இல் சொன்னார்கள். அது 'சப்1' என்ற பகுதி. மரபணுவையே அடையாளம் கண்ட கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது 2006-இல். பமீலா ரொனால்ட் என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? அன்றைய மாணவர் ஷூ!

எதிரணித் தலைவர் கால்குலேட்டரைத் தட்டுகிறார்: பத்து வருஷம்! ஆமாம் ஐயா, பத்து வருஷம்தான். அதற்கு முன்னால் அந்த விதை சும்மா கிடந்த காலத்தையும் கூட்டிப் பாருங்களேன்.

எதிரணி அம்மையார் ஒருவர், பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்றார். ஓடுகிறார்கள், மறுக்கவில்லை. என் சொந்தக்காரப் பையனே ஓடியிருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை சாக்லேட்டோடு வருகிறான். ஆனால் மிச்சக் கதையைக் கேளுங்கள் அம்மா. கிழக்கிந்தியாவில் ஏக்கர் ஏக்கராகப் போடுகிற நெல் ஸ்வர்ணா. அதன் விளைச்சலும் குணமும் கெடாமல் அந்த 'சப்1' பகுதியை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த வேலை நடந்தது. ஸ்வர்ணாவோடு திரும்பத் திரும்பக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு அடையாளத்தைப் பார்த்து வேண்டாததைக் கழித்த அந்த முறையை விளக்கும் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி.என். நீரஜா. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த நம் விஞ்ஞானி! போனார், கற்றார், திரும்பினார். 2009-இல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. அதே மரபணு நம் டெல்டாவுக்கு சி.ஆர்.1009 சப்1 என்ற பெயரில் வந்திருப்பதை முன்வரிசையில் இருக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெய்கிற மழையில் மூழ்குகிற சம்பா அவர்களுடையது.

இதனால் யாருக்கு லாபம்? ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளம் அதிகம் நிற்கிற பள்ளமான நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடம் கூடுதலாக இருந்தன. அதனால் இந்த நெல்லின் பலனும் அவர்களுக்கே கூடுதலாகப் போனது. மேட்டு நிலம் மேல்சாதிக்கு, பள்ளம் கீழே இருப்பவனுக்கு என்று ஊர் பிரித்து வைத்த கணக்கு அது. ஒரு மாணவனின் ஐந்து வருஷ உதவித்தொகையைச் செலவு என்று எழுதுகிறவர்கள், அந்தப் பள்ளத்து வயலில் வருஷா வருஷம் அழுகிப்போன நெல்லை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

இனி மரபணுத் திருத்தம். 2025 மே மாதம் நம் நாடு அறிவித்த பூசா டிஎஸ்டி நெல்லை எதிரணி பெருமையோடு காட்டியது. எனக்கும் பெருமைதான். ஆனால் மரபணுவைத் திருத்தும் கத்தரிக்கோலுக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாதே! டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கினால் இலைத்துளைகள் சுருங்கும், தண்ணீர் மிச்சமாகும் என்பது தெரிந்தது எப்படி? சீன விஞ்ஞானிகள் ரசாயன மருந்தால் மரபணுவில் மாற்றம் ஏற்படுத்திய நெல் நாற்றுகளை வறட்சியிலும் உப்பிலும் போட்டு, பிழைத்ததைப் பொறுக்கி, காரணம் தேடி 2009-இல் வெளியிட்டார்கள். மறுபடியும் அதே நாற்று, அதே தொட்டி, அதே பழகிய கண். நாடி பார்க்கத் தெரியாதவன் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினால் டாக்டர் ஆகிவிடுவானா?

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பயிற்சி என்ற பெயரில் மூன்று நாள் பட்டறை, ஒரு பை, ஒரு பேனா, மாவட்ட அதிகாரியோடு குரூப் போட்டோ, சான்றிதழ் என்று நடக்கிறதே, அது வீண்செலவுதான். நானே இரண்டு பை வைத்திருக்கிறேன், காய்கறி வாங்க நன்றாக உழைக்கிறது. உண்மையான பயிற்சிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நெல் பூக்கிற வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகிவிடும். நெல் பூப்பதோ காலையில், அதுவும் சில மணி நேரம்தான். எந்த ரகம் வெயிலுக்கு முன்பே பூவைத் திறந்து முடித்துக்கொள்கிறது என்று பார்க்க, மாணவன் விடிகாலையிலேயே வரப்பில் நிற்க வேண்டும். பட்டறையோ பத்தரை மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குகிறது. அதற்குள் முந்திப் பூக்கிற ரகம் பூவை மூடத் தொடங்கியிருக்கும்!

ஆகவே நடுவர் அவர்களே, முதலீடு என்று தீர்ப்புச் சொல்லுங்கள், ஆனால் நிபந்தனையோடு சொல்லுங்கள். ஒரே நெல்லை ஒரே மாணவன் குறைந்தது இரண்டு பருவம் பார்க்க வேண்டும். ஒரு பருவமாவது பரமக்குடி மாதிரி வறண்ட மண்ணிலோ, திருச்சி நாவலூர் குட்டப்பட்டு மாதிரி களர் மண்ணிலோ இருக்க வேண்டும். உதவித்தொகை மாதா மாதம் கைக்கு வர வேண்டும், ஆறு மாதம் கழித்து மொத்தமாக அல்ல. மணி அடித்துவிட்டார்கள், எதிரணித் தலைவர் கால்குலேட்டரை எடுக்கிறார். எடுக்கட்டும், அந்தக் கடைசி நிபந்தனையையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.