பெயர் எழுதியவரின் பெயர்



பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் தம் மூதாதையைத் தேடுவோர்க்கு மொழியறிவு எங்ஙனம் கைகொடுக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். களமாக அயர்லாந்தை எடுத்துக்கொள்கிறோம். அங்கே எஞ்சிய தாள்கள் சிலவே. ஆதலால் ஒவ்வோர் எழுத்தையும் நின்று படிக்க வேண்டியுள்ளது. தேடப்படும் மூதாதை ஒரு காவலராக இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

முதலில் இழப்பைச் சொல்லிவிடுவோம். 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று அழிந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரத்து ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்த நாள் அது. 1861, 1871 ஆம் ஆண்டுத் தாள்களை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 ஆம் ஆண்டுத் தாள்கள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. பழி முழுவதையும் தீயின்மேல் போடுவது பலரது வழக்கம். நான்கு தொகுதிகள் அலுவலகக் கைகளாலேயே போயின என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டே.

இனிக் காவலரிடம் வருவோம். 1836 இல் ஒரே அமைப்பாக்கப்பட்ட ஐரிஷ் காவற்படை 1867 இல் 'ராயல்' என்னும் அடைமொழி பெற்றது; 1922 இல் கலைக்கப்பட்டது. டப்ளின் நகருக்குத் தனிப்படை இருந்தது. கணக்கெடுப்புப் பணியைச் செய்தவர்கள் இக்காவலர்களே. வீடு வீடாகச் சென்று படிவம் 'ஏ'யைக் கொடுத்துத் திரும்பப் பெற்றனர். எழுத்தறியாத வீட்டாருக்குத் தாமே நிரப்பியும் கொடுத்தனர். ஊரார் அனைவரின் பெயரையும் இவ்வாறு திரட்டியவர், தாம் தங்கிய காவல் நிலையத்துக்குரிய படிவம் 'எச்'சில் எப்படி இடம்பெற்றார்? இரண்டு தலைப்பெழுத்துகளாக மட்டுமே.

தலைப்பெழுத்து நமக்குப் புதியதன்று. நம் வழக்கில் அது தந்தையைக் குறிக்கும். இயற்பெயர் முழுமையாகப் பின்னே நிற்கும். படிவம் 'எச்'சிலோ இயற்பெயரும் குடும்பப்பெயரும் ஆளுக்கோர் எழுத்தாகச் சுருங்கிவிடுகின்றன. ஆகவே பெயரை விட்டு, அருகிலுள்ள கட்டங்களைப் படிக்க வேண்டும். அகவை, சமயம், பிறந்த மாவட்டம், மணமானவரா என்பன அங்கே உள்ளன. இவற்றை இலண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் காவற்படைப் பணிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் ஆள் வெளிப்படுவார். அப்பதிவேட்டில் பணி எண், உயரம், பிறந்த மாவட்டம், மனைவியின் மாவட்டம், பணிபுரிந்த இடங்கள் ஆகியவை காணப்படும். ஒரு விதியை மறவாதிருத்தல் நலம்: காவலரைச் சொந்த மாவட்டத்தில் பணியமர்த்துவதில்லை. எனவே அவர் பிறந்த மண்ணில் அவரைத் தேடுவது வீண். மனைவி மக்கள் தனி வீட்டில் குடியிருந்தால், அவர்கள் படிவம் 'ஏ'யில் தலைவனின்றி நிற்பதும் உண்டு.

குடும்பப்பெயரின் முதலெழுத்தாவது உறுதியானதா எனில், அதுவும் இல்லை. 'ஓ' என்னும் முன்னொட்டு சில தலைமுறையில் உதிர்ந்து, சில தலைமுறையில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஓ'சலிவன் சலிவன் ஆவார். அவர் மகன் மீண்டும் ஓ'சலிவன் ஆகலாம். மக்கவன் என்னும் பெயரோ மொழிபெயர்க்கப்பட்டே விட்டது. கொல்லனைக் குறிக்கும் 'கவ' என்னும் ஐரிஷ் சொல் அதன் வேர். காவன் மாவட்டத்தில் அப்பெயரினர் பலர் ஸ்மித் ஆயினர். ஒரே குடியின் வழியினர் அகரவரிசையில் இரு மூலைகளில் கிடப்பர்.

'மக்' என்பது மகனையும் 'ஓ' என்பது பேரனையும், விரிவாக அவ்வழியில் வந்தவரையும் குறிக்கும். தமிழாசிரியர்க்கு இங்கே நம் 'பெயரன்' நினைவுக்கு வராமல் இராது. பாட்டனின் பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன். ஐரிஷ் குடும்பங்களிலும் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரிடும் மரபு இருந்தது. தேடுவோர்க்கு இது நல்ல தடயம். சட்டமன்று, எனவே இதனை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது.

நம்மை நெடுநேரம் நிறுத்தியது மொழிக்குரிய கட்டம். ஐரிஷ் மட்டும் பேசுவோர்க்கு 'ஐரிஷ்', இரண்டும் பேசுவோர்க்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்று எழுத வேண்டும். ஏனையோர்க்கு ஒன்றும் எழுத வேண்டா என்பது படிவத்தின் விதி. 1901 இல் ஐரிஷ் பேசுவோராகப் பதிவானவர் ஏறத்தாழ 641,000 பேர். 1911 இல் ஏறத்தாழ 582,000 பேர். காவலரின் பெற்றோர் வீட்டுத் தாள் கிடைத்தால் இக்கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதியோருக்கு எதிரே இரு மொழிகள் இருக்கும். அதே கூரையின்கீழ் வாழ்ந்த இளையோருக்கு எதிரே வெற்றிடம் இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்லவில்லை. பல வீட்டில் அப்படித்தான்.

அத்தாளின் அடிப்பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள். குடும்பத்தலைவர் கையொப்பத்தோடு, கணக்கெடுத்த காவலரின் கையொப்பமும் அங்கே உண்டு. படிவம் 'எச்'சில் ஈரெழுத்தாய் நின்றவர், தாம் பணிபுரிந்த ஊரின் வேறு யாரோ ஒருவர் வீட்டுத் தாளில், தம் கையாலேயே தம் பெயரை எழுதி வைத்திருக்கக்கூடும்.