13 மணித்தியாலங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவர் பேசப்போகிறார் என்றதும் நீரிழிவைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். வைத்தியர்களாகிய நாங்கள் பெண்கள் பாடசாலையில் பேசவேண்டியது என்று நினைப்பது வேறொன்று: வளரும் பிள்ளைகளின் முதுகு.

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுகியும் நிற்பதை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். பெரும்பாலும் காரணம் தெரியாது. பாரமான புத்தகப்பையோ கூனியிருந்து படித்ததோ காரணமல்ல. இதைத் தாய்மாருக்கு விளங்கப்படுத்துவதிலேயே எங்களுக்கு நிறைய நேரம் போகிறது. வளைவு கூடிக்கொண்டு போவது பெண்பிள்ளைகளிடம்தான் அதிகம். பெரியபிள்ளையாவதற்குச் சற்று முந்திய, கிடுகிடுவென வளரும் மாதங்களே கவனிக்கவேண்டிய காலம். பல வேளை தையற்காரிதான் முதலில் காண்கிறார்: ஒரு தோள் உயரம், சட்டை ஒரு பக்கம் தூக்குகிறது.

வளைவு 25 பாகையைத் தாண்டி, பிள்ளை இன்னும் வளர இருந்தால் பிரேஸ் கொடுக்கிறோம். கக்கத்தின் கீழிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கவசம் அது. வளைவு 50 பாகையை எட்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசவேண்டி வரும். அதற்கு முன்னர் பிடித்து நிறுத்துவதே பிரேஸின் வேலை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி, 2013இல் வெளியான ஆய்வொன்று உண்டு. பிரேஸ் பெற்றவர்களில் 72 வீதமானோர் 50 பாகையை எட்டாமலே வளர்ந்து முடித்தார்கள். பெறாதவர்களில் 48 வீதம். பிரேஸுக்குள் வெப்பத்தை அளக்கும் சிறு கருவி வைத்து, உண்மையில் எத்தனை மணித்தியாலம் அணிந்தார்கள் என்றும் பார்த்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். ஆறுக்குக் குறைந்தவர்களுக்கு அணியாதவர்களின் கதிதான்.

ஆக, பிரேஸ் செய்வித்தால் போதாது. இரண்டு மூன்று வருடம், நாள்தோறும் அது உடம்பில் இருக்கவேண்டும். எங்கள் வெயிலில் அது இலேசான காரியமல்ல. வேர்க்கும், கடிக்கும், சாப்பிட்டவுடன் வயிற்றை அமுக்கும். உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பெனியன் போடலாம். கழற்றி அரை மணித்தியாலமாகியும் சிவப்பு மாறாவிட்டால் செய்தவரிடம் கொண்டுபோய்த் திருத்தவேண்டும். பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக்கூடாது.

வெயிலைவிடப் பெரியது வெட்கம். வகுப்பில் யாராவது தட்டிப் பார்த்துச் சிரித்தால் அடுத்த நாள் பிரேஸ் அலுமாரிக்குள் போய்விடும். வீட்டில் "போட்டியா, போட்டியா" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும், மணித்தியாலம் கூடாது. பிள்ளையோடு இருந்து நாளைக் கணக்குப் பாருங்கள். பிற்பகல் 3 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 6 மணிக்கு 15 மணித்தியாலம். குளிப்புக்கும் நெற்போலுக்கும் 2 போனாலும் 13 மிஞ்சும். வைத்தியர் 18 என்று எழுதியிருந்தால் இலக்கு 18தான்; ஆனால் பாடசாலைக்குப் போட மறுக்கிற பிள்ளையோடு பேச்சைத் தொடங்க இந்தக் கணக்கு உதவும். இதில் எங்களுக்குப் பெரிய எதிரி பின்னேர ரியூசன். அங்கும் பிரேஸோடு போகப் பழகினால் பாதிச் சண்டை முடிந்தது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைக்கவும், இடுப்புப்பட்டி இல்லாமல் வரவும், பாடவேளையில் எழுந்து நிற்கவும் இந்தப் பிள்ளைகளை விடுங்கள். காரணத்தை வகுப்பின் முன்னால் கேட்காதீர்கள். கலியாண வீடுகளில் "ஐயோ, இதென்ன பிள்ளை" என்று விசாரிக்கும் மாமிமாருக்கும் இது பொருந்தும்.

இந்த மண்டபத்திலும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இம்மலரை வாசிப்பவர்களிலும், இளவயதில் பிரேஸ் அணிந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். எங்களைவிட உங்கள் பேச்சைத்தான் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்பாள். விருப்பமானவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள்.