தாடியை விளம்பரமாக்காதீர்!
(ராதாபுரத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்றொரு நிறுவனம் 2006இல் தொடங்கியது. ஹலால் இலாபம் என்றது. ஆலிம்களை முன்னே நிறுத்தியது. நம்மவர்கள் சேமிப்பை அள்ளிக் கொடுத்தார்கள். 2019 ஜூனில் நிறுவனர் துபாய்க்குப் பறந்தார், ஜூலையில் கைதானார். பல்லாயிரம் குடும்பங்கள் பணத்தை இழந்து தவித்தன.

மக்கள் நம்பியது கணக்கையா? இல்லை, பேசிய வாயை!

அந்த வாய் நேர்மையாகப் பேசுவதற்கென்றே ஒரு தொழில் உண்டு. அதுதான் முதலீட்டாளர் தொடர்பு. செபியின் 2015ஆம் ஆண்டு விதிப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி முதல் மூன்று காலாண்டுக் கணக்குகளையும் 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். தகுதிபெற்ற கம்பெனி செகரட்டரியை நியமித்தே ஆகவேண்டும். பங்குதாரர் புகாரைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு.

வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞனே! பிளஸ் டூ முடித்தாலே இதற்கான நுழைவுத் தேர்வு எழுதலாம். வட்டிக் கடைக்குப் போ என்று சொல்லவில்லை. மருந்து, சிமெண்ட், மென்பொருள் கம்பெனிக்கும் இந்த ஆள் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள். அடியில் ஈரம். அதை மேலே வைத்து விற்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஈரத்தை மறைக்காமல் காட்டுவதே இத்தொழிலின் அமானிதம்.

ஜமாஅத் பெரியவர்களே! செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு இருக்கிறதா என்று விசாரிக்காமல், எந்த முதலீட்டுத் திட்டத்திற்கும் பள்ளிவாசல் மைக்கைக் கொடுக்காதீர்கள்.