பெட்டிக்குள் நாலு பொட்டலம்

நேயர்களே, மேற்கு மாம்பலத்தில் வெளிநாட்டுப் பார்சல் கட்டி அனுப்பும் கடை வைத்திருப்பவன் நான். லண்டன், டொரோண்டோ, நியூ ஜெர்சி, மெல்போர்ன் என்று பிள்ளைகள் போன ஊருக்கெல்லாம் பெற்றோர் அனுப்புகிற பருப்புப் பொடியும் பட்டுப் பாவாடையும் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. போய்ச் சேர்ந்ததும் அங்கே சுங்க வரி என்று ஒரு தொகை கேட்கிறார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "இங்கேயே அவ்வளவு பணம் கட்டித்தானே தம்பி அனுப்பினேன், அப்புறம் எதுக்கு என் பொண்ணுகிட்ட மறுபடி காசு கேக்கறா?" நீங்கள் இங்கே கட்டியது அனுப்புகிற கூலி, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பொருளுக்கு அந்த நாட்டு அரசாங்கம் போடுகிற வரி தனி. பெரும்பாலும் அது பெறுகிறவர் தலையில்தான் விழும். தபால்காரர்களோ கூரியர்காரர்களோ முதலில் தாங்கள் கட்டிவிட்டு, அதற்கு ஒரு ஹேண்ட்லிங் சார்ஜும் சேர்த்து உங்கள் பெண்ணிடம் வாங்கிக்கொள்வார்கள். சின்னப் பார்சலாக இருந்தால் சில சமயம் கிட்டத்தட்ட வரி அளவுக்கே அந்த சார்ஜும் இருக்கும். பத்து பவுண்டு வரிக்கு எட்டு பவுண்டு கட்டணமா என்று பிள்ளைகள் போனில் குதிப்பது அதனால்தான்.

சரி, எவ்வளவுக்கு மேல் போனால் வரி? நாட்டுக்கு நாடு மாறும். எனக்கு நன்றாகப் பழகியது பிரிட்டன் கணக்கு, அதையே சொல்கிறேன். ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண்டு வரைக்கும் இருந்தால் வரியே கிடையாது. நம் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் 20 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. 135 பவுண்டையும் தாண்டினால் சுங்கத் தீர்வையும் சேரும். அன்பளிப்பு என்றால் 630 பவுண்டு வரை அது 2.5 சதவீதம் என்று பொதுவான வீதம்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. வரி போடும்போது பொருளின் விலையோடு அனுப்பிய கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். 60 பவுண்டு சாமானை 30 பவுண்டு செலவு செய்து அனுப்பினால், வரி 90 பவுண்டுக்கு. 18 பவுண்டு ஆயிற்றா? மேலே ஹேண்ட்லிங். இன்னொன்று, 39-க்கு ஒரு பவுண்டு கூடிவிட்டால் அந்த ஒரு பவுண்டுக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். முழுத் தொகைக்கும் போடுவார்கள்.

மற்ற நாடுகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அன்பளிப்புக்கு ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடா டாலர், சுவிட்சர்லாந்தில் 100 பிராங்க், அமெரிக்காவில் 100 டாலர். ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரை எல்லையில் தீர்வைத் தொல்லை இல்லை. அங்கே தொல்லை வேறு ரகம், விதை, இலை, மரம், நெய் என்று தனிமைப்படுத்திச் சோதிக்கிறவர்கள் கையில்.

அன்பளிப்பு என்று படிவத்தில் டிக் அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. ஆள் ஆளுக்கு அனுப்பியதாக இருக்க வேண்டும். தி.நகர் ஜவுளிக்கடைக்காரரிடம் பணத்தைக் கட்டி, "நீங்களே என் பையனுக்கு அனுப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தால், அனுப்புநர் இடத்தில் கடை பெயர் இருக்கும். அது வியாபாரச் சரக்கு. "அம்மா, நீ வாங்கி அனுப்பு, நான் பணம் போட்டுடறேன்" என்று மகன் சொல்லி வாங்கியதும் கண்டிப்பாகப் பார்த்தால் அன்பளிப்பு ஆகாது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிரிட்டன் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒரே பெட்டியில் பல பேருக்கு அன்பளிப்பு இருந்தால், 39 பவுண்டு சலுகை பெட்டிக்கு இல்லை, ஆளுக்கு. நிபந்தனை மூன்று: ஒவ்வொருவருடையதும் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும், அதன் மேல் அவர் பெயர் இருக்க வேண்டும், சுங்கப் படிவத்திலும் தனித்தனி வரியாக எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே முறை உண்டு, ஆளுக்கு 100 டாலர். ஆனாலும் எத்தனை பேர் கட்டும்போது இதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் திணித்துக்கொண்டு வருகிறார்கள்!

நங்கநல்லூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார். லண்டன் பக்கம் ஹாரோவில் பெண், மாப்பிள்ளை, ஒரு பேத்தி, ஒரு பேரன். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். பெண்ணுக்கு ஒரு சுங்குடிச் சேலை, மாப்பிள்ளைக்கு வேஷ்டி சட்டை, பேத்திக்குப் பாவாடை சட்டை, பேரனுக்கு ஒரு மரச் செப்பு செட், அப்புறம் முறுக்கு, தட்டை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். பில்லைக் கூட்டினால் நூறு பவுண்டுக்கு மேல் வந்தது. அப்படியே போனால் வரி நிச்சயம். "பாட்டி, கொஞ்சம் உட்காருங்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாலு பழுப்புக் காகிதம் எடுத்தேன்.

துணிமணி சுலபமாகப் பிரிந்துவிட்டது. பலகாரம் யார் பெயரில் என்பதில்தான் வழக்கு. முறுக்கு மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும், அவர் பொட்டலத்தில் வை என்றார். வைத்தேன். உடனே பெண்ணின் பங்கு இளைத்துத் தெரிந்தது. தட்டையை அங்கே மாற்றினேன். "மாப்பிள்ளைக்குக் குறைச்சலாப் போயிடலையே?" என்று கவலை. பாட்டி, மாப்பிள்ளை மரியாதையை ஹீத்ரோவில் யாரும் எடை போட மாட்டார்கள், 39-க்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள் என்றேன். கடைசியில் நாலு பொட்டலமும் தலா முப்பத்தைந்து பவுண்டைத் தாண்டாமல் அமைந்தன. மார்க்கரை எடுத்துப் பேத்தி பொட்டலத்தின் மேல் 'குட்டிமா' என்று எழுதப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் வேண்டும். உள்ளே காகிதத்தில் குட்டிமாவுக்குக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள், வெளியே முழுப் பெயர். பிறகு படிவத்தில் நாலு வரி: யாருக்கு, என்ன பொருள், எத்தனை, என்ன விலை. அந்தப் பெட்டிக்கு ஹாரோவில் ஒரு பென்னி கேட்கவில்லை.

நேயர்களே, இதில் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையை முந்தானை மகளுக்கு, உடல் மருமகளுக்கு என்று பிரிக்க முடியாது. ஒரே பொருள் வரம்பைத் தாண்டினால் தாண்டியதுதான். அதற்கு வரி உண்டு என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது யாராவது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்தனுப்புங்கள். இல்லாத ஆளின் பெயரைப் போட்டு அஞ்சாவது பொட்டலம் கட்டச் சொல்லியும் கேட்கிறார்கள். நான் கட்டுவதில்லை.

விலை எழுதும் இடத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி எல்லாவற்றுக்கும் 'நூறு ரூபாய்' என்று எழுதச் சொல்லும். பட்டுப்புடவைக்கு நூறு ரூபாய் என்றால் ஸ்கேன் பார்க்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். அவரே ஒரு விலை போடுவார், பொய்யாக எழுதியதற்குப் பறிமுதல் செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பார்சல் தொலைந்தால் நஷ்ட ஈடு கேட்கும்போதும் நீங்கள் எழுதிய அதே நூறு ரூபாய்தான் எதிரே வந்து நிற்கும். இன்னொரு கட்சி, கௌரவத்துக்காகக் கூட்டி எழுதும். நாலாயிரம் ரூபாய்ச் சேலைக்கு எட்டாயிரம் போட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும், சம்பந்தி வீட்டார் படிவத்தைப் பார்ப்பார்களாம். மருமகன்தான் வரி கட்டினார். வாங்கிய விலையை எழுதுங்கள், பில்லின் நகலை உள்ளே வையுங்கள். வீட்டில் செய்ததற்குப் பில் இல்லையே என்றால், கடையில் அதே பலகாரம் என்ன விலையோ அது.

பொருளின் விவரம் எழுதுவதும் அதே மாதிரிதான். 'ஹோம்மேட் ஃபுட்' என்றும் 'கிஃப்ட் ஐட்டம்ஸ்' என்றும் எழுதி வருவதை இப்போது பல நாடுகள் ஏற்பதில்லை. என்ன, எதனால் செய்தது, எத்தனை கிராம் என்று வேண்டும். அதோடு ஆறு இலக்கக் குறியீட்டு எண் ஒன்றும் கேட்கிறார்கள், 1988 முதல் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருப்பது. முறுக்கு, தட்டை வகையறா 1905 என்று தொடங்கும், மஞ்சள் பொடி 0910, ஊறுகாய் 2001. உங்களுக்குத் தெரியாவிட்டால் கட்டுகிறவரிடம் கேளுங்கள், எங்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். பெயர் இல்லாத ஜிப் கவரில் சாம்பல் நிறப் பொடி அனுப்பினால் அது விபூதி என்று அங்கே உள்ளவருக்கு எப்படித் தெரியும்? கடையில் வாங்கிய, அச்சடித்த பாக்கெட்டாக வையுங்கள்.

வரி ஒரு பக்கம், போகவே கூடாத சாமான் ஒரு பக்கம். நேரம் குறைவு, முக்கியமான மூன்றை மட்டும் சொல்கிறேன். வளைகுடா நாடுகளுக்குக் கசகசா அனுப்பவே அனுப்பாதீர்கள், குருமாப் பொடிக்குள் அரைத்தும் வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், பெறுகிறவர் சிறைக்குப் போக நேரும். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நெய், பால்கோவா கூடாது, இந்தியாவிலிருந்து தபாலில் போகும் பால் பொருளுக்கு அங்கே தடை. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. நம் கறிவேப்பிலையில் தொற்றும் ஒரு பூச்சி அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிறது என்பது காரணம். புடவை மடிப்புக்குள் ரூபாய் நோட்டு வைக்கிற வழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்கா என்றதும் 2025 ஞாபகம் வருகிறது. 800 டாலர் வரை தீர்வை இல்லாமல் சாமான் போய்க்கொண்டிருந்த சலுகையை அங்கே ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். தீர்வையை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்று தெளிவில்லாமல் விமான நிறுவனங்கள் தபாலை ஏற்ற மறுத்தன. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியது. 100 டாலர் அன்பளிப்பை முதலில் வாங்கிக்கொண்டிருந்து, மாதக் கடைசியில் அதையும் நிறுத்தினார்கள். விநாயகர் சதுர்த்திக்குக் கட்டி வைத்த பெட்டிகள் என் கடை அலமாரியில் நவராத்திரி முடிந்தும் இருந்தன. அக்டோபர் 15-ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மறுபடி திறந்தார்கள், புது ஏற்பாட்டுடன்: தீர்வையை அனுப்புகிறவரே இங்கே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அமெரிக்காவின் வீதம் அடிக்கடி மாறுகிறது, ஆகவே போன பார்சலுக்குக் கட்டிய கணக்கை நம்பாமல், புக்கிங் செய்யும் நாளில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

இன்னொரு சலுகை பலருக்குத் தெரியாது. படிக்கப் போன பிள்ளையின் சொந்த உடுப்பு, படுக்கை விரிப்பு, புத்தகம் இவற்றைப் பின்னால் அனுப்பினால், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மாணவர்களுக்கென்று தனி வரிவிலக்கு உண்டு. அதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். விலக்கைப் பிள்ளைதான் கேட்டு வாங்க வேண்டும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அவர் கையில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாக எழுதியும் வரி போட்டுவிட்டால்? பிரிட்டனில் தபால் வழியாக வந்த பார்சல் என்றால் பி.ஓ.ஆர். 286 என்றொரு படிவம் இருக்கிறது. பணத்தைக் கட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு, தொகையைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்பலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வரிச் சீட்டையும் சுங்கப் படிவத்தையும் அதற்குச் சேர்க்க வேண்டும். முறுக்கைப் பார்த்த சந்தோஷத்தில் அட்டைப் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்! பெட்டி வந்ததும் முதலில் மேல்சீட்டைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டச் சொல்லும் தகவலை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் பார்சல் இங்கேயே திரும்பி வரும், அதனால் பெறுகிறவரின் போன் நம்பரும் மின்னஞ்சலும் படிவத்தில் சரியாக இருக்க வேண்டும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். 'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்க்கில் இரண்டு பவுண்டு கட்டுங்கள்' என்று போனுக்கு வரும் குறுஞ்செய்திகளில் பெரும்பகுதி மோசடி. நீங்கள் இங்கே ரசீதில் வாங்கிய டிராக்கிங் நம்பரைப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள், அவர் அந்த நம்பரைத் தபால் துறையின் தளத்தில் தானே போட்டுப் பார்த்து, அங்கே தொகை காட்டினால் மட்டும் கட்டட்டும். தீபாவளிப் பார்சல் கட்டுகிறவர்கள் மூன்று வாரமாவது முன்னால் வாருங்கள், வரும்போது வீட்டில் எத்தனை பேர் என்று முழுப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பழுப்புக் காகிதம் நான் தருகிறேன்.