சிலைடுச் சட்டமும் சிறு அரமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அறிஞர் பலர் இலக்கியம் பேசிய இம்மேடையில் அரத்தையும் உப்புத்தாளையும் பற்றிப் பேச நாம் எழுந்துள்ளோம். பொருள் சிறிதே; ஆயினும் நம் குடும்பங்களின் நினைவு அதனைச் சார்ந்து நிற்கிறது.

நம் வீட்டுப் பரண்களில், பழைய பிஸ்கட்டுத் தகரங்களில், சிலைடுகள் என்னும் வண்ணப் படத்துண்டுகள் உறங்குகின்றன. திருமணங்கள், தொட்டில் விழாக்கள், பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்கு எழுந்தருளும் தெய்வங்கள் கரமனை வழியே வரும் காட்சி ஆகிய யாவும் அவற்றுள் உள. சிலைடுக்குப் பின்னால் நெகடிவ் என்று வேறொன்றில்லை; அதுவே மூலம். அழிந்தால் அழிந்ததே. அதன் மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது. திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்தாகிறது.

இழப்புக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியல் இந்நகரில் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதற்படம் எனப் போற்றப்படுவது. வெளிவந்த ஆண்டு 1928 என்பர் சிலர். 1930 என்பர் வேறு சிலர். அதன் படச்சுருள் இன்று இல்லை. சில நிழற்படங்களே எஞ்சின. புகழ் பெற்ற படத்துக்கே இக்கதி எனில், நம் பரண்மேல் பெட்டிக்குக் காவல் யார்?

ஆதலின் சங்கத்தில் ஸ்கானர் ஒன்றை வைத்துச் சிலைடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். அங்குலத்துக்கு 3000 புள்ளி வீதம் ஏற்றினால், 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உள்ள சிறு படம் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளாக விரியும். தடையாக நின்றது சிலைடுகளைச் செருகும் ஹோல்டரே. சிலைடின் சட்டம் பொதுவாக 50 மி.மீ. சதுரம், ஆனால் தடிப்பு ஒன்றுபோல் இல்லை. அட்டை மெலிது, பிளாஸ்டிக்கு தடித்தது, கண்ணாடியிட்டது அதனினும் தடித்தது. நம்மூர் ஈரத்தில் அட்டையும் பருத்துவிடுகிறது. அழுத்திச் செருகினால் நகம் படத்தில் பதியும். கை நடுங்கும் பெரியோர் அஞ்சிப் பெட்டியைத் தந்துவிட்டு வீடு திரும்பினர். படங்கள் கணினியில் ஏறின. அவற்றில் இருப்போரின் பெயர்கள் ஏறவில்லை.

எனவே உதிரி ஹோல்டர் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பள்ளத்தின் எதிரெதிர் ஓரங்களிலும் விரல் நுனி நுழையுமளவு அரைவட்டமாக அரத்தால் தேய்த்தோம். இனிப் பெருவிரலும் சுட்டுவிரலும் சட்டத்தின் ஓரத்தையே பற்றும், படத்தைத் தொடா. உள்விளிம்பின் மேல்முனையைச் சரிவாக்கினோம். பருத்த அட்டையும் எளிதில் இறங்கியது. பின்பு உப்புத்தாளால் வழவழப்பாக்கிக் கழுவி உலர்த்தினோம். துகள் ஒன்று தங்கினும் படத்தில் கரும்புள்ளியாகத் தோன்றும் அன்றோ?

தொடலாகாதவை மூன்று. சிலைடு அமரும் அடித்திட்டைத் தேய்க்கலாகாது. உயரம் மாறினால் படம் மங்கும். ஒளியை அளந்து சரிபார்க்க ஸ்கானர் பயன்படுத்தும் திறப்பை மறைக்கலாகாது. ஹோல்டரை இடத்தில் நிறுத்தும் வெட்டுகளைத் தீண்டலாகாது.

இதன் பயன் யாதெனில், பெரியோர் தாமே செருகத் தொடங்கினர். ஸ்கானர் மெல்ல நகரும் அந்நேரத்தில் அவர்கள் பேசுகின்றனர்; அருகிலிருக்கும் இளைஞர் எழுதிக்கொள்கின்றனர். ஆரியசாலையில் குமாரசுவாமி எழுந்தருளும் படமொன்றில் ஓரமாய் நின்ற இளைஞர் யாரென ஒருவரும் அறியார். எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் அதனைத் தம் கையாலேயே செருகினார். திரையில் உருவம் தோன்றியதும், "எங்க அண்ணாடா இது!" என்றார். அன்று அப்படத்துக்குப் பெயர் கிடைத்தது.

அன்பர்களே! பூஞ்சை படத்தைத் தின்னும். காலம் பெயரைத் தின்னும். இரண்டையும் ஒருங்கே காக்க வேண்டுமாயின் பெட்டியை மட்டும் அனுப்பாதீர்கள். பெட்டியோடு பாட்டியையும் தாத்தாவையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்காக நாற்காலியும், தேய்த்துச் சீராக்கிய ஹோல்டரும் சங்கத்தில் காத்திருக்கின்றன.