பிள்ளைகள் கையில் பறை



நான் பேங்க் கிளார்க். கவிதை எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேரிப் பிள்ளைகள் பறை பழகுகிறார்கள். அங்கே தோல் காய்ச்ச வைக்கோல் கொண்டுவந்து போடுவது என் வேலை. எனக்கு அடிக்கத் தெரியாது. ஏன் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா சாவுக்கு அடித்தவர். ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தால் காய்ச்சலானாலும் போகணும். கூலி பேசக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கணும். எனக்குப் பன்னிரண்டு வயசில், வகுப்பில் ஒருத்தன் டெஸ்க்கில் தட்டிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். அதோடு அப்பாவின் பறையை நான் தொடவில்லை. ரெண்டு வருஷம் வகுப்பில் வாயும் திறக்கவில்லை. பையனுக்குக் கூச்ச சுபாவம் என்றார் வாத்தியார்.

இசை கற்றால் வளரும் பிள்ளைகளின் மனசு தேறும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அப்பாவுக்கும்தான் இசை தெரியும். அது அவரைத் தேற்றவில்லையே? ஏவலுக்கு அடித்தார், அதனால்தான். பல ஊர்களில் நம் ஆட்கள் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள், அதற்காக உதைபட்டார்கள். அந்த மறுப்புக்குப் பிறகுதான் பறையை நம் விருப்பத்தில் கையிலெடுக்க முடிந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்பிள்ளைகள் பறையோடு மேடையேறினார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

எங்கள் வகுப்புக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வந்தான். யாரோடும் பேசமாட்டான். பறையை உரச்சாக்கில் மறைத்துத்தான் எடுத்து வருவான். அடித்தால் எல்லோரையும் முந்திக்கொண்டு, தோல் கிழிகிற மாதிரி அடிப்பான். ஆசான் திட்டவில்லை. "பக்கத்துல இருக்கறவன் அடியக் கேளுடா, பெறகு உன் அடியப் போடு" என்றார். மாதக்கணக்கில் இதே பாடம். கேட்கப் பழகினான். தப்பினால் மற்ற பிள்ளைகள் அவனுக்காக நின்று மறுபடி எடுத்தார்கள். தனக்காக நாலு பேர் காத்திருப்பதை அவன் வேறெங்கே பார்த்திருப்பான்?

கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. போகவும் வேண்டாம். பள்ளியில் சாதி சொல்லிச் சிரிப்பவனை அப்படியே விட்டுவிட்டு, நம் பிள்ளைக்கு மட்டும் பாட்டுச் சொல்லிக் கொடுத்துச் சாந்தப்படுத்துவது வைத்தியமில்லை. சிரிப்பு நிற்கணும். பள்ளிக்கூடங்களில் சம்பளம் கொடுத்துப் பறை ஆசான்களை வைக்கணும். எல்லாச் சாதிப் பிள்ளையும் கற்கணும்.

போன மாதம் அந்தப் பையன் சாக்கில்லாமல், தோளில் பறையை மாட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாக வந்தான். திண்ணையிலிருந்து ஒருத்தர் கேட்டாராம்: "யாருடா செத்தது?"

"யாரும் சாகல. நாங்க பழகறோம்."

நான் அந்த வயசில் சொல்லாமல் விட்ட பதில் அது, தோழர்களே. அடுத்த ஞாயிறு நானும் குச்சி எடுக்கிறதாக இருக்கிறேன்.