கணக்கறிந்த குடும்பம்

(வாழவந்தியில் சங்க உறுப்பினர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



குடும்ப வரவு செலவு பற்றியும், பிள்ளைகட்குப் பணத்தின் அருமையைக் கற்பிப்பது பற்றியும் பேசுமாறு பணிக்கப்பெற்றேன். சிக்கனமாய் இருங்கள் என்று உபதேசம் செய்ய நான் இங்கு வரவில்லை. நாட்கூலியில் ஐந்து வயிறுகளை நிரப்பும் தாய்க்குச் சிக்கனத்தைக் கற்பிக்க எவராலும் இயலாது. குறைந்த கூலியும், நிலமின்மையும், தலைமுறை தலைமுறையாய் மறுக்கப்பட்ட கல்வியுமே நம் வறுமையின் முதற்காரணங்கள். ஆயினும், கைக்கு வரும் சிறுபொருளைப் பிறர் கவர்ந்து செல்லாமல் காக்கும் கருவி ஒன்று உண்டு. அதுவே கணக்கு.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அன்று தொட்டு இம்மலை உழைப்பாளரின் வாழ்வு காப்பிப் பருவத்தைச் சார்ந்தே நிற்கிறது. பழம் பறிக்கும் மாதங்களில் எல்லாக் கைகளுக்கும் வேலை உண்டு. ஏனைய மாதங்களில் வேலை நாட்கள் சுருங்கும். கூலி சில மாதம். பசியோ பன்னிரண்டு மாதம். இந்த இடைவெளியில்தான் முன்பணமும் கடனும் வீட்டினுள் நுழைகின்றன.

சில ஆண்டுகட்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். தேர்வுப் பணிகளில் மூழ்கியிருந்த நான், இரண்டு மாதம் கழித்தே அவள் இல்லம் சென்றேன். அவளது மஞ்சள் நீராட்டு விழாவுக்காக 20,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தனர். வட்டி கட்டும் பொருட்டு அவளும் பழம் பறிக்கச் சென்றுகொண்டிருந்தாள். "ஐந்து ரூபாய் வட்டிதானே ஐயா" என்றார் தந்தை. அவள் தம்பியை அழைத்துக் கணக்கிடச் சொன்னேன். மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். இருபதாம் மாதத்தில் கட்டிய வட்டி மட்டும் 20,000 ரூபாய். முதலோ குறையாமல் அப்படியே நிற்கும். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இதை யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லையே ஐயா" என்றார்.

அப்பெண்ணுக்குத் தனிவட்டிக் கணக்கைக் கற்பித்தவன் நானே. அவள் பிழையின்றிச் செய்தாள். ஆனால் அது அவள் வீட்டுக் கணக்கு என்பதை நான் கற்பிக்கவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. தம்பி மட்டுமே படிப்பைத் தொடர்ந்தான். அந்தக் குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது.

கடனே கூடாது என்று நான் கூறவில்லை. அண்ணல் அம்பேத்கர் மாணவராயிருந்தபோது, நூல் வாங்கப் பணமில்லையெனில் தந்தை ராம்ஜி மணமான மகளிடம் சென்று, அவளது நகையைப் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். எதற்காகக் கடன், எப்பணத்தால், எந்நாளில் மீட்பது என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்த மகனே பின்னாளில், 1923இல், நம் நாட்டு ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். கடன் வாங்குமுன் நாமும் இம்மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். முன்பணம் வாங்கியதைக் காட்டி ஒருவரைக் கட்டாய வேலையில் பிணைத்து வைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

இளைஞர்களே, இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் கோடிடுங்கள்: வரவு, செலவு, கடன், கையிருப்பு. வீட்டில் படிக்கும் பிள்ளையே அதை எழுதட்டும். வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி, சேமநல நிதிக்குப் பிடித்த தொகை ஆகியவற்றையும் குறியுங்கள். எழுத்தில் உள்ளதை எவரும் எளிதில் மறுக்க இயலாது. மதுக்கடைக்குச் சென்ற பணமும் அதே நோட்டில் ஏறட்டும். மகன் கையெழுத்தில் அதைக் காணும் தந்தை சற்றே சிந்திப்பார்.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் கடனை மறைக்காதீர்கள். அச்சுறுத்தாமல், உண்மையை அளவோடு கூறுங்கள். கடைக்கு அனுப்பி, மீதிச் சில்லறைக்குக் கணக்குக் கேளுங்கள். முன்பு பள்ளிகளில் சஞ்சயிகா என்னும் சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது, இன்று இல்லை. எனினும், பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். பத்து வயது நிறையாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு நடக்கும். மாணவர் பெயரில் வரும் கல்வி உதவித்தொகையை வீட்டுக் கடனுக்கு எடுக்காதீர்கள். அது பலர் போராடிப் பெற்ற பணம், படிப்புக்கே உரியது.

நம் பாட்டன்மார் பிறர் எழுதிய கணக்கில் கைநாட்டு வைத்தனர். நாம் கையொப்பமிடக் கற்றோம். நம் பிள்ளைகள் கையொப்பமிடுமுன் கணக்கைப் படித்துப் பார்க்கட்டும். பிழையிருப்பின் திருத்தக் கேட்கட்டும். கல்வியின் பயன் அதுவே.